வெட்டு

சங்கிலியை எடுத்துக்கொண்டு
மார்த்தாண்டம் அடகுக்கடைக்காரர் தந்த
காலண்டரில்தான்
தவணைத் தேதிகளை வட்டமிடுகிறோம்.

குலசேகரத்தில் பன்னிரண்டு நாளாக மழை.
ரப்பரில் வெட்டில்லை.
சிரட்டைகளில் பாலுக்குப் பதில் தண்ணீர்.

ஜெபசிங் நோட்டை விரித்தார்.
கேபிள், வெட்டு.
நெய்மீன், வெட்டு. சாளை போதும்.
இரண்டாவது போன் என்னுடையது, அதுவும்.
"மரத்தைத் தவிர எல்லாத்தையும் வெட்டியாச்சு" என்றேன்.
சிரித்தார்,
மகள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக.

நாத்தூன் வீட்டுக் கல்யாணம், சுருள், இரண்டாயிரம்.
பேனா அங்கே நின்றுவிட்டது.
போன வருசம் அவர்கள் நமக்குத் தந்தது ஐயாயிரம்.
அதுவும் கடன்தான்;
தவணைத் தேதியைச் சிலுவை போட்டு
அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

பேனாவை வாங்கி
நானே திருத்தினேன், ஐந்தாக.
காலண்டரில் இன்னொரு வட்டம்.

ஓட்டின்மேல் மழை
விட்டபாடில்லை.