செவ்வாய்க்கிழமை மின்தடை

பொதட்டூர்பேட்டையில்
தறி ஓடாத நேரம் பார்த்துத்தான்
குழந்தைக்குக் காது பார்க்க முடியும்.

நாடா என்று நான் சொன்னால்
இந்தத் தெருவில் தறியைத்தான் பார்ப்பார்கள்.
என் பையில் இருப்பது வேறு நாடா,
மூவண்ணம், காகித கனம்,
கைச்சுற்று அளக்க.
தேஜஸின் புஜம் பச்சையில் நின்றது.
எடை சரி.
சுவரைப் பிடித்து நாலு எட்டு,
ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுகிறான், அதுவும் சரி.
கூப்பிட்டால் திரும்புகிறானா
என்ற ஒரு கட்டம் மட்டும்
போன மாதமும் காலி.
அதற்கு முந்தைய மாதமும்.

பார்கவி நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டவள்.
அவளுடைய ஊசி அட்டை தெலுங்கில்.
எழுத்து எனக்குத் தெரியாது,
தேதிகளைப் படித்துவிடுவேன்.
பதினாலு மாசம், ஏதாவது வார்த்தை சொல்றானா என்றேன்.
எந்த பாஷையில என்றாள்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஆறு தறி ஓடும் வீட்டில்
யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
தோளைத் தொடுவார்கள்.
விளக்கை அணைத்துப் போட்டால்
சோறு ஆயிற்று என்று அர்த்தம்.
மாமனார் உதட்டைப் பார்த்தே
பாவு நூல் கணக்கு முடிப்பார்.
இவனும் எங்க வாயையே பாக்கறான், தாத்தா மாதிரி,
என்று சொன்னபோது அவளுக்குப் பெருமை.
எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது.

மாதத்தில் ஒரு செவ்வாய்
பராமரிப்புக்காக ஒன்பது மணிக்கு நிறுத்துவார்கள்.
எட்டே முக்காலுக்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் போனது.
தெருவே ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல.
கொஞ்ச நேரம் என் காதுக்குள்ளேயே தறி ஓடியது,
பிறகு அதுவும் நின்று
குழாய்ச் சொட்டு, யாரோ இருமல்,
எல்லையில் திரும்பும் ஆந்திரா பஸ்ஸின் ஹாரன்.

அம்மா மடியில் அவன்.
கையில் நான் கொடுத்த சிவப்பு நூற்பந்து.
பின்னால் போனேன்.
வாசல் வெயில் என் நிழலை
அவன் முன்னே கொண்டுபோய்ப் போட்டது.
நிழலைப் பார்த்துத் திரும்பினால் அது காது இல்லை.
தள்ளி நின்றேன். செருப்பைக் கழற்றினேன்.
இடப்பக்கம் ஒரு முழ தூரத்தில்
மணியை அசைத்தேன்.

பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வலப்பக்கம்.
ஒரு இழையைப் பிரித்து வாயில் வைத்தான்.

இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக.
பார்கவி திரும்பினாள்.
அவள் முகம் போன பக்கம் பார்த்து
அவனும் திரும்பி
என்னைக் கண்டு சிரித்தான்,
கீழே இரண்டு பல்.

சூடும்மா, திரும்பிட்டான் என்றாள்.

மணி என் கையில் எப்போதோ ஓய்ந்திருந்தது.
டிக் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம்.
வெயிலுக்கு முன் மூன்று வீடு முடித்துவிடலாம்.
இல்லம்மா, உன்னைப் பாத்துத் திரும்பினான், என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை.
அவன் காதோரம் இருந்த முடியை
விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாள்,
அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

சளியாகக்கூட இருக்கலாம் என்றேன். உள்ளே நீர் கோத்திருக்கலாம்.
இது வெறும் மணி, காதுக்கு மெஷின் இருக்கிறது,
அதில் பார்த்தால்தான் தெரியும்.
நான் சொன்னதெல்லாம் உண்மைதான்.
காகிதத்தில் திருவள்ளூர் என்று எழுதினேன்.
திருப்பதின்னா அம்மா வீட்டு வழியா போகும் என்றாள்.
போ, எங்கேயாவது போ, இந்த மாசமே போ.
நானும் கூட வரேன்,
வியாழக்கிழமை

என்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது,
அறிவித்ததற்கு ஐந்து மணி நேரம் முன்னால்.
ஆறு தறியும் ஒன்றாய்ப் பிடித்தன.
தேஜஸ் குனிந்து
உள்ளங்கையைத் தரையில் வைத்தான்.

பார்கவி என் வாயைப் பார்த்தாள்.
ஏழு விரல் காட்டினேன்,
எட்டாவதைப் பாதி மடக்கி.