வில்லாபுரத்தில் நாலடிக் கடல்

பல் டாக்டர் கிளினிக்கை மூடியபோது
காத்திருப்போர் அறைத் தொட்டியைப்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.
நாலடி நீளம். கோமாளி மீன் இரண்டு,
காளான் பவளம் ஏழு,
விரல் விரித்து அசையும் பவளம் ஒன்று.
கடலில்லாத ஊரில்
ஆறு பேர் அதை இரண்டாம் மாடிக்குச் சுமந்தார்கள்.
வீட்டுக்காரர் ராமபத்ரன் படியில் நின்று
"தளம் தாங்குமா?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் பழுப்பு.
மணல்மேல் காபித்தூள் உதறியதுபோல.
போர் தண்ணீர் ஊற்றினால் அப்படித்தானாம்.
ஆர்.ஓ. கேனுக்கு மாறினேன்.
மூன்று வாரத்தில் சொல்லாமல் போய்விட்டது.

பிறகு பச்சை முடி.
பாறை உச்சியில் சிக்கெடுக்காத தலை.
பழைய டூத் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தேன்.
தீனியைப் பாதியாக்கினேன்,
பத்து நத்தை வாங்கி விட்டேன்.

குமிழ்ப்பாசி பட்டாணி மாதிரி.
நசுங்கினால் வித்து பரவும் என்றார்கள்.
கல்லை வெளியே எடுத்து ஊசி முனையால் நெம்பினேன்,
நரம்பு தேடிப் பழகிய கை,
ஒன்றுகூட உடையவில்லை.
(ஒன்று உடைந்தது. யாரும் பார்க்கவில்லை.)

கருஞ்சிவப்பாய் ஒரு படுதா வந்தது,
வெற்றிலைத் துப்பல் உறைந்த மாதிரி.
அது பாசியே இல்லை, பாக்டீரியா;
தொழில் வழியில் எனக்குச் சொந்தம்.
மூன்று நாள் தொட்டிக்குக் கறுப்புப் போர்வை.
"உள்ள யாருக்கும் அம்மையா?" என்றாள்
எதிர்வீட்டு மெஹர்னிசா.

ஜெயித்துவிட்டேன்.
வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றம்,
நுரை பிரிக்கும் கருவி இருபத்துநாலு மணி நேரமும்.
பாஸ்பேட் சோதித்தால் பூஜ்யம்.
நைட்ரேட், அதுவும் பூஜ்யம்.
குப்பியில் நிறமே மாறாததை
லேபில் எல்லோருக்கும் போனில் காட்டினேன்.

மாசியில் வந்தது இன்னொன்று.
பழுப்புச் சளி,
இழை நுனியில் ஒவ்வொரு காற்றுக்குமிழ்.
விளக்கு அணைந்தால் காணோம்,
மதியத்துக்குள் மறுபடி.
பழைய பழுப்புதான் என்று தேய்த்தேன்.
தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது.
நத்தைகள் மல்லாந்தன.

சிறுநீர் டப்பாவில் கொஞ்சம் வழித்து
கோரிப்பாளையத்துக்கு எடுத்துப் போனேன்.
டெங்கு ஸ்லைடுகளுக்கு நடுவே
ஒரு சொட்டு, நானூறு மடங்கு.
முதலில் வந்த பழுப்பென்றால்
கண்ணாடிப் படகுகளாய்த் தெரிந்திருக்கும்.
படகு ஒன்றுமில்லை.
கண்ணீர்த்துளி வடிவில் நூறு,
கூர்முனையில் கட்டிப்போட்டதுபோல்
நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன,
மாடே இல்லாத செக்குகள்.
ஜோயல் எட்டிப் பார்த்தான்:
"யாரோட மோஷன்க்கா?"
"என் கடலோடது."

அன்றிரவு தேடிப் படித்தேன்.
நீர் பட்டினி கிடந்தால் இது வரும்,
வேறெதுவும் பிழைக்காத இடத்தில்
பட்டா போட்டுக்கொள்ளும்.
நான் பெருமையடித்த இரண்டு பூஜ்யமும்தான்
கதவைத் திறந்துவிட்டது.

சுத்தம் செய்வதை நிறுத்தினேன்.
சொல்ல எளிது.
நுரைக் கருவியை அணைத்தேன்,
மூன்று வேளை தீனி,
நைட்ரேட் உப்பைக் கரைத்துத்
தினம் நாலு மில்லி.
இரவில் அவை பாறை விட்டு நீரில் அலையும்;
அந்நேரம் புறஊதா விளக்குக் குழாய் வழியாய்
நீரை ஓட்டினேன்.
கையெல்லாம் அரித்தது, துணி எடுத்துத் துடைக்க.
பவளம் ஒரு விரலைச் சுருக்கிக்கொண்டது.
இன்னொன்று.
அப்போதும் துடைக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள்
முன் கண்ணாடியில் மெல்லிய பச்சைத் தூள்.
விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன்,
பச்சைதான்.
கணக்கு நோட்டில்: நைட்ரேட் ஐந்து. சளி இல்லை.
சுருங்கிய விரல்களில் ஒன்று நீண்டிருக்கிறது,
மற்றது இனி வராது போல.

வாடகை வாங்க வந்த ராமபத்ரன்
மூக்கைக் கண்ணாடியில் ஒட்டினார்.
"என்னம்மா, பாசி புடிச்சுக் கெடக்கு, கழுவலையா?"
"இது இருக்கட்டும் சார்."
அவர் குனிந்து
ஸ்டாண்டுக்கு அடியில், தரையில்,
விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார்.