நூற்றிருபது விநாடி

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
கூஹ்மோ நகர நூலகத்திலிருந்து புகார் வரும்.
"பேசினால் யாருக்கும் கேட்கவில்லை."
யூர்கி அதைக் குளிரின் கணக்கில் எழுதி
மூடிவிட்டான்.
அடுத்த செவ்வாய் குளிர் குறைந்திருந்தது.
புகார் குறையவில்லை.

ஓலுவில் என் மேசை.
மூன்று மணிக்கே இருட்டிப்போகும் ஜன்னல்.
என் பொறுப்பில் ஒரு வாசற்காரன்,
லோட் பேலன்சர் என்று பெயர்.
வடக்கிலுள்ள மருத்துவமனைகளின்
முகங்களும் குரல்களும்
அவனைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும்.
பொட்டலத்தைப் பிரிக்கமாட்டான்.
மேலுறையைப் பார்ப்பான்: எங்கிருந்து, எந்த வாசல்.
இரண்டால் வகுப்பான்.
மீதி இல்லையென்றால் இடப்பக்க இயந்திரம்,
ஒன்று மிஞ்சினால் வலப்பக்கம்.
இருமலும் மரணச் செய்தியும்
அவன் கையில் ஒரே கனம்.

நாடி பார்ப்பதும் அவன்தான்.
பத்து விநாடிக்கொருமுறை
"உயிரோடு இருக்கிறாயா?"
"இருக்கிறேன்" என்றன இயந்திரங்கள்.
எல்லாம் பச்சை.
பச்சையைப் பார்த்துப் பார்த்தே
இரண்டு வாரம் தொலைத்தேன்.

பிறகுதான் நூலகத்துக்குப் போன் செய்யத் தோன்றியது.
மீர்வா என்றொருத்தி எடுத்தாள்.
"செவ்வாய் ஆறு மணியா?
துணையை இழந்தவர்களின் கூட்டம்.
இங்கே ஆறு பேர், சுவோமுசல்மியில் நால்வர்."
என்ன பேசுவார்கள்?
"பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள்.
கேமராவை அணைப்பார்கள், மைக்கையும்.
காபி ஆறும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.
யாருக்காவது வார்த்தை வந்தால்
திறப்பார்கள்."

பதிவேட்டைத் திறந்தேன்.
18:04:11, கடைசிப் பொட்டலம்.
அதன்பின் வெள்ளை.
நூலகத்திலிருப்பது பழைய பெட்டி,
பேச்சில்லையென்றால் எதையுமே அனுப்பாது.
நூற்றிருபது விநாடி ஒன்றும் வராவிட்டால்
வாசற்காரன் மறந்துவிடுவான்.
பிழையல்ல.
கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

ஊரே ஊரை அழைக்கிற அந்த மாலை நேரத்தில்
கூட்டம் தாங்காமல்
மூன்றாவது இயந்திரம் விழித்துக்கொள்ளும்.
இப்போது மூன்றால் வகுக்கவேண்டும்.

18:09:40.
யாரோ மைக்கைத் திறந்திருக்கிறார்கள்.
நாற்பத்தேழு பொட்டலம்.
மீதி இரண்டு.
மூன்றாம் இயந்திரத்துக்கு அந்தக் கூட்டத்தைத் தெரியாது.
அங்கே எந்தக் கூட்டமும் இல்லை.
நாற்பத்தேழையும் வாங்கிப் பார்த்து
கீழே போட்டுவிட்டது.

நாற்பத்தேழு பொட்டலம் என்றால்
ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவு.
ஒரு பெயர் சொல்லலாம் அதில்.
"நேற்று அவளுடைய"
வரை சொல்லலாம்.
பூட்டிய பொட்டலம்.
எனக்கும் திறவாது.
திறக்கவும் கூடாது.

கெடுவை நீட்டிவிடேன் என்றான் யூர்கி.
எவ்வளவுக்கு? முந்நூறா? அறுநூறா?
அவன் ஓர் எண்ணைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் விட்டான்.

பெட்டிக்கு வேறொன்று கற்றுக்கொடுத்தேன்.
பதினைந்து விநாடிக்கொருமுறை
உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பொட்டலம்.
வெறும் மேலுறை.
வாசற்காரன் எப்படியும்
அதைத்தானே பார்க்கிறான்.

மறு செவ்வாய்,
பதிவேட்டின் முன் நானும்
ஒரு கோப்பைக் காபியை ஆறவிட்டபடி.
கூஹ்மோ, வெற்று.
சுவோமுசல்மி, வெற்று.
கூஹ்மோ, வெற்று.
மூன்றாம் இயந்திரம் விழித்தது,
இவர்களைத் தொடவில்லை.
கூஹ்மோ, வெற்று.
இருபத்தேழு நிமிடம்
ஒன்றுமில்லாததை
ஒன்றுவிடாமல் கொண்டுபோய்க் கொடுத்தான்
அதே வாசலில்.

18:31:52.
குரலின் பருமனில் ஒன்று வந்தது.
பின்னாலேயே இன்னொன்று.
நாற்பத்தேழைத் தாண்டியது.
நானூறைத் தாண்டியது.
எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"புகாரை மூடிவிடலாமா, ரீக்கா?"
யூர்கி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.
கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று.
திரையில் இன்னும்
வந்துகொண்டிருந்தது.