கோட்டு நம்பர் பதினாலு

இரண்டு நாளில் திருப்பித் தரணும் என்று
பள்ளிக்கூடத்து அலமாரியிலிருந்து வந்த புத்தகம்.
பக்கமெல்லாம் வெள்ளை.
"அச்சடிக்க மறந்துட்டாங்களா?" என்றான் சின்னவன்.
"பனிடா," என்றாள் மிதுனா,
மூணாவது படிக்கிற தோரணையில்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும்.
படத்தைப் பார்த்து நான் சொல்வதுதான் கதை.
வடக்கே, ரொம்ப வடக்கே,
நம்ம டோல்கேட்டில் நிற்கிற எந்த லாரியும் போகாத ஊர்.
ஒரு அம்மா.
கல் அகலில் கடல்நாய்க் கொழுப்பு ஊற்றி
திரியைக் குச்சியால் நிரவியபடி
முழிச்சிருக்கிறாள்.
"கரண்ட் இல்லியா?"
அப்போ இல்லை. இப்போ இருக்கு.

எஸ்கிமோன்னு சொல்லக்கூடாதாம், டீச்சர் சொன்னாங்களாம்.
இனுயிட்.
அவங்க பாஷையில் மனுஷங்க என்று அர்த்தமாம்.
"அப்போ நம்மளும் இனுயிட்டா?"
நாம காவேரிப்பட்டணம், என்றேன்.
சரியான பதில் இல்லை அது.
அவன் ஒத்துக்கொண்டான்.

நாலாம் பக்கம்.
அந்த அம்மாவின் முதுகில், கோட்டுக்குள்ளேயே,
பெரிய தொப்பிக்கு அடியில் குழந்தை.
மூக்கு மட்டும் வெளியே.
மிதுனா விரலை வைத்தாள்:
"இது உன் கோட்டு."

மாம்பழக் கம்பெனி கேட்டில் பார்த்திருக்கிறாள்.
வெளியே மே மாசம், தார் இளகுகிறது.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
தோதாபுரித் துண்டுகள் தட்டுத் தட்டாய்க் கல்லாகிற அறை.
கோட்டு நம்பர் பதினாலு. வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.
பையில் யாரோ ஒரு சிப்டுக்காரியின்
ஒற்றைக் கையுறை.

"உன் கோட்டுல பாப்பா வைக்க எடம் இருக்கா?"
"இருந்துச்சு. இவன் இருந்தான்.
முதுகுல இல்ல, முன்னால.
ஏழாம் மாசம் ஜிப்பு ஏறலன்னு
நம்பர் இருபத்திரண்ட வாங்கிப் போட்டேன்."
சின்னவன் எழுந்து உட்கார்ந்தான்.
"எனக்குக் குளிருச்சா?"
"உனக்கெங்க?"

கடைசிப் பக்கத்தில் அவள்
பிள்ளையின் கன்னத்தில் மூக்கை அழுத்தி
மூச்சை இழுக்கிறாள்.
"முத்தம் குடுக்கவே தெரியல!"
இரண்டும் உருண்டு சிரித்தன.
நான் உச்சி மோந்து பாக்கறதில்ல? அதேதான், என்றேன்.
உடனே இரண்டு மூக்கு என் கன்னத்தில்.
"மாங்கா வாசன."
"இல்ல, ஐஸ் வாசன."
"ஐசுக்கு ஏதுடா வாசன?"
"இருக்கு. அம்மாகிட்ட இருக்கு."

வெள்ளைப் பக்கத்தில் யார் வைத்ததோ
ஒரு மஞ்சள் பெருவிரல்.
ஈரத்துணியால் தேய்த்தேன். தேய்ந்தது காகிதம்தான்.

அடுத்த முறை ஜெயசிம்மன் வீட்டுக்காம்.
அவன் அம்மா பர்கூர் பக்கம் குவாரியில்;
சாயங்காலம் பஸ்ஸில் இறங்கும்போது
தலை, புருவம், இமை எல்லாம் கல்மாவு.
அந்த வெள்ளையைப் பார்த்து
என்ன கதை சொல்வாளோ.