காரணம்: வேறு

வலயத்திலிருந்து வரும் படிவத்தில்
வராமைக்கு மூன்று காரணம்தான்.
ஒன்று, சுகவீனம்.
இரண்டு, குடும்ப நிகழ்வு.
மூன்று, வேறு.
மூன்றுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி,
என் சுண்டுவிரல் நகமளவு.

ஆவணியில்
பள்ளிக் கிணற்று வாளி கல்லில் முட்டிய அன்று
அதிபர் மலகூடத்தைப் பூட்டித்
திறப்பை லாச்சிக்குள் போட்டார்.
மறுநாள் பெண்பிள்ளைகள் நாலு பேர் இல்லை.
அதற்கடுத்த நாள் ஏழு.
பவுசர் செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள்,
எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

பவிலோஜன் தகப்பனோடு யானைக்காவல்.
காட்டுக்குள் மோட்டைகள் வற்றினால்
அதுகளும் எங்கேதான் போகும்.
விடிய வந்து பின்வாங்கில் தூங்கிய நாட்களில்
எழுப்பாமல் விட்டேன்.
இடாப்பில் சரி போட்டேன்.
வந்தான் என்பது பொய்யில்லைத்தானே.

வியாழக்கிழமைகளில் லக்சிதன் இல்லை.
நுண்கடன்காரர் வரும் நாள்.
நெல் கருகின வீட்டில்
'அம்மா இல்லை' என்று சொல்லப்
படலையில் ஒரு பிள்ளை நிற்க வேண்டும்.
வேறு, என்று எழுதினேன்.
வேறு. வேறு.

கம்சிகா வருவாள்,
அலைகரைப் பக்கமிருந்து மூன்று கட்டை நடந்து.
புவியியல் புத்தகத்தின் மழைவீழ்ச்சி வரைபுக்கு மேல்
பென்சிலால் இன்னொரு கோடு கீறியிருந்தாள்.
தகப்பன் விதைப்புக் கொப்பியில்
பதினொரு வருடமாய் எழுதிவைத்த மழைநாட்களாம்.
புத்தகத்தின் கோடு ஐப்பசியில் ஏறித்
தைக்குள் பதமாய் இறங்கும்.
அவளுடையது
தரையோடு தரையாய் ஊர்ந்து வந்து
கார்த்திகையில் ஒரேயொரு கிழமை
தாளின் விளிம்பைத் தாண்டிப் போனது.

'எது சரி ரீச்சர்?'

நான் கணிதம் படிப்பிக்கிறவள்.
புவியியலுக்கு ஆள் இல்லை, மூன்று வருடமாய் நான்தான்.
'சோதினைக்குப் புத்தகத்தில இருக்கிறதை எழுது பிள்ளை.'
சொல்லிவிட்டு
வெண்கட்டி தேடுகிறவள் மாதிரிக் குனிந்துகொண்டேன்.

சோதினைக்கு முதல் கிழமை
கோடு தாளைத் தாண்டியது.

குளம் வான் பாய்ந்தது. கதவுகளையும் திறந்தார்கள்.
ஒட்டுசுட்டான் றோட்டு எங்கே, வயல் எங்கே என்று தெரியவில்லை.
இரவு பதினொரு மணிக்கு
முப்பத்தொரு குடும்பம் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்தது.
எதை எடுக்க வேண்டும் என்று எங்கள் சனத்துக்குப் பாடம்:
அடையாள அட்டை, காணி உறுதி, தையல் மெசின்.

அன்றைக்குத்தான்
அந்த வருடம் முதன்முறையாய்
என் வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள்.
பவிலோஜன், லக்சிதன்,
நின்றுபோன பெண்பிள்ளைகள்,
இரண்டு ஆடு, சளி இழுக்கும் ஒரு கைக்குழந்தை.
வாங்குகளைச் சேர்த்துக் கட்டில் ஆக்கினோம்.
கரும்பலகையில் பாதியில் நின்ற இருபடிச் சமன்பாட்டை
ஒருவரும் அழிக்கவில்லை,
அதன்மேல் யாரோ ஈரச்சேலையைக் காயப் போட்டிருந்தார்கள்.
இடாப்பு ஊறிப்போய்
நீல மை எல்லாப் பெயரிலும்
ஒரே மாதிரிப் பரவிக் கிடந்தது.

சோதினையைப் பிற்போடுவார்களா என்று
றேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டோம்.
தெற்கில் வெயிலாம்.

உழவு மெசினின் பெட்டியில் ஒன்பது பிள்ளைகளை ஏற்றினோம்.
தண்ணீர் சில்லுக்கு மேலே.
அனுமதி அட்டையைச் சொப்பின் பையில் சுற்றி
வாயில் கவ்விக்கொண்டு ஏறினாள் கம்சிகா.
கைகள் இரண்டும் பிடிக்க வேண்டும்.
'ரீச்சர் போட்டு வாறன்' என்று சொல்ல ஏலாமல்
தலையை மட்டும் ஆட்டினாள்.

பொழுதுபடத் திரும்பி வந்தார்கள்.
வெள்ளைச் சீருடை இடுப்பு வரைக்கும் செம்மண்.
பருப்புச் சோற்றுக்கு வரிசையில் நின்றவளிடம் கேட்டேன்:
'வரைபு வந்ததா?'
'வந்தது.'
'எதைக் கீறினாய்?'

பாவாடைக் கரையை முறுக்கிப் பிழிந்தாள்.
தண்ணீர் சீமெந்தில் விழுந்து
என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது.

'ரெண்டையும் கீறினன் ரீச்சர்.
திருத்துறவை எந்த ஊரோ, ஆர் கண்டது.'