நான்காம் வரிசை

நான் எழுத்து வரைபவன்.
கறுப்பு அட்டையில் வெள்ளை மை,
மேலே ஃபின்னிஷ், கீழே ஸ்வீடிஷ்,
ஓரத்தில் இரண்டு பூ.
அட்டைக்கு நாற்பது பென்னி.
‘அவள் அன்றிரவே இறந்தாள்’ என்பதை மட்டும்
எத்தனை தடவை வரைந்திருப்பேன்!

ராக்னி ஃபோர்ஸெல் படமெடுத்தது
துர்க்குவில், ஆற்றங்கரைத் தார்க் கிடங்கில்,
கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு.
வெயில்தான் விளக்கு. மேகம் வந்தால் காபி.
இரவு பத்துக்கும் வெளிச்சம் கிடக்கும் ஜூலையில்
யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டாள்.
உப்பைக் கொட்டி, இது பனி என்பாள்.
சிவப்பு பிலிமில் கறுப்பாய் விழுமென்று
உதடுகளுக்கு மஞ்சள் பூசுவாள்.
நேரில் பார்த்தால்
காமாலை கண்ட குடும்பம்
ஒன்றையொன்று காதலிக்கும்.

அக்டோபரில் ஒரு கடிதம்.
ஹில்யா ரௌத்தியோ, கயிற்றாலைத் தொழிலாளி,
பென்சிலில், கோடு தப்பாமல்:

‘நான்காம் வரிசையில் நாங்கள் ஒன்பது பேர்.
காது கேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள்.
உங்கள் படத்தில் தாயின் சாவுக் கட்டிலருகே
மகன் அழுதுகொண்டே சொல்வது,
பூட்ஸ் கடிக்கிறது, பன்னிரண்டு மார்க் தண்டம் என்று.
நாங்கள் சிரித்துவிட்டோம்.
பக்கத்தில் இருந்தவர்கள் திட்டினார்கள்.
அதையும் படித்தோம்.’

ராக்னி இரண்டு முறை வாசித்தாள்.
உர்ஹோவைக் கூப்பிட்டு அவன் பூட்ஸைப் பார்த்தாள்.
அடுத்த ஞாயிறு
காமிராவுக்கு இடப்பக்கம்
ஹில்யாவுக்கு ஒரு நாற்காலி.

அதன்பின் யாரும் வாய்க்கு வந்ததைப் பேச முடியவில்லை.
‘மன்னித்துவிடு’ என்றால் அதையேதான் சொல்ல வேண்டும்,
குரலோடு, முழுசாக,
கேட்க ஒருவருமில்லாத அந்தப் படத்துக்காக.
சொன்னபோது
உர்ஹோவின் தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது.
பூட்ஸைப் பற்றிப் பேசியபோது
அது அசைந்ததே இல்லை.
இதை ஊமைப்படம் என்றவர்களுக்கு
காது மட்டும்தான் இருந்தது போல.

அடுத்த படம் கயிற்றாலையைப் பற்றியது.
தணிக்கை அலுவலர் ஸ்மெலோவ்
படத்தைவிட அட்டைகளைக் கவனமாகப் பார்ப்பவர்.
‘நாளை எவரும் இயந்திரத்தைத் தொடாதீர்கள்’
என்ற என் அட்டையில் சிவப்புப் பென்சில்.
பதிலுக்கு அவரே சொன்ன வாசகம்:
‘நாளை ஞாயிற்றுக்கிழமை.’
வரைந்து கொடுத்தேன். இரண்டு பூ. நாற்பது பென்னி.

ராக்னி சண்டை போடவில்லை.
காமிராவை உருட்டிக்கொண்டு போனாள்,
நடிகையின் முகம் மட்டும் தெரியும்வரை,
தாடையிலிருந்து நெற்றி.
அவ்வளவு கிட்டே நாங்கள் போனதே கிடையாது.
ஹில்யா தலையாட்டினாள்: புரியவில்லை.
ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான்,
இரண்டும் இல்லாத சொல் வேண்டும்.
குளிரில் நின்று தேடினோம்.
பதினோராவது முறை
ஹில்யா விரலை உயர்த்தினாள்.

‘அழகிதான், எதற்கு இவ்வளவு பக்கத்தில்?’
என்று கேட்டுக்கொண்டே
ஸ்மெலோவ் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய் இரவுக் காட்சி.
பியானோக்காரன் போல்கா வாசித்துக்கொண்டிருந்தான்.
திரை நிறைய முகம். உதடுகள். பிறகு என் அட்டை.
யாரோ தும்மினார்கள்.
நான்காம் வரிசையில்
கைகள் எழுந்தன, பேச,
பதினெட்டுக் கைகள், ஒளிக்கற்றையின் குறுக்கே.
‘நாளை ஞாயிற்றுக்கிழமை’யின் மேல்
அவற்றின் நிழல் விழுந்து அலைந்தது.
பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்,
கையை இறக்கு.
ஐந்தாம் வரிசைக்காரன் குனிந்து
என்ன, என்ன சொல்கிறாள் என்றான்.
ஹில்யா பென்சில் எடுத்தாள்.

புதன்கிழமை காலை
கயிற்றாலைப் புகைபோக்கியின் விளிம்பில்
ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, நெடுநேரம்.

அந்த பிலிம் இப்போது இல்லை.
போரில் வெள்ளிக்காக உருக்கினார்கள்,
மிச்சம் சீப்பாகியிருக்கலாம்.
ராக்னி ஸ்டாக்ஹோம் போனாள், திரும்பவில்லை.
என் அட்டைகள் மட்டும் பெட்டியில் பத்திரமாக உள்ளன.
மேலே ஃபின்னிஷ், கீழே ஸ்வீடிஷ்.
தப்பித்தது பொய்தான்,
ஓரத்தில் இரண்டு பூவோடு.