பதினெட்டுக் கிராம்

சீனக்குடா ஆலைக்குக்
கோதுமை கப்பலாய் வந்து மாவாய்ப் போகும்.
நான் சல்லடைப் பக்கம்.
எவ்வளவு நுண்மை என்று பார்த்துக் கையெழுத்திடுபவன்.
எட்டு மணித்தியாலம் காதுக்குள் உருளைகள்.
வீட்டுக்கு வந்தால்
பதினெட்டுக் கிராம் கோப்பிக்கொட்டைக்கு
என் கைதான் ஆலை.

ஆறு அரைப்பான்கள் இருக்கின்றன,
அலுமாரியில், சேலைகளுக்குக் கீழ்த்தட்டில்.
அந்தத் தட்டு தன்னுடையதென்று
மஞ்சரி இன்னும் வழக்குப் பேசுகிறாள்.
"ஆறு கைபிடி, ரெண்டு கை, ஒரு வாய்.
கணக்குச் சரியோ?"
சரியில்லை.
ஏழாவதைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உப்புவெளி விடுதியில்
வாடகை மிச்சத்துக்கு ஒரு செக் நாட்டுக்காரன்
விட்டுப்போனது முதலாவது.
அதன் உருக்குப் பல்லைத் தொட்டால் மீன்முள்.
மரப்பெட்டியும் குட்டி இழுப்பறையுமாய் இன்னொன்று,
பழைய இரும்புக் கடையில் நிறுத்து வாங்கியது.
மரத்துக்கும் சேர்த்தே இரும்பு விலை போட்டான்.
யாரோ அதில் மிளகு அரைத்திருக்கிறார்கள்.
எட்டு மாதம் பச்சரிசி போட்டுச் சுற்றியும்
கோப்பிக்குள்ளிருந்து ரசம் எட்டிப் பார்க்கிறது.

எஸ்பிரெசோவுக்கு மன்னிக்கத் தெரியாது.
தூள் பெருத்தால் தண்ணீர் கடன்காரனைப் போல் ஓடிவிடும்.
சிறுத்தால்
நெம்புகோலில் நான் தொங்கினாலும் ஒரு சொட்டு இறங்காது.
இடையில் இருப்பது ஒரு சொடுக்கு,
அதுவும் நேற்றைய இடத்தில் இராது.
கச்சான் அடித்துக் கிணறு வற்றும் மாதங்களில்
இறுக்க வேண்டும்.
வாடை திரும்பி
தலையணைகூட நனைந்தாற்போல் கிடக்கும்போது
இரண்டு சொடுக்கு இளக்க வேண்டும்.
துறைமுகக் காற்று உருக்கையும் நக்கிப் பார்க்கும்.
வேலை முடிந்ததும்
பல் பல்லாய்த் துடைத்து வைக்கிறேன்,
என் பல்லை அப்படித் துலக்கியதில்லை.

ஏழாவதின் அச்சு ஆடியது.
கிண்ணியாவில் படகு எஞ்சின்களுக்குக் கடைசல் பிடிக்கும்
ஜவாஹிரிடம் கொண்டுபோனேன்.
கண்ணை மூடி, காதோரம் வைத்து,
மூன்று சுற்றுச் சுற்றினார்.
"அரை மயிர் ஓடுது."
படகுப் பம்பின் பழைய பித்தளையில்
ஒரு வளையம் கடைந்து இறக்கினார்.
காசு வேண்டாமாம்.
"அப்பிடி என்னத்தத்தான் குடிக்கிறீங்க? கொண்டாங்க பாப்பம்."

அடுத்த வெள்ளி, பாலம் தாண்டி,
மோட்டார் சைக்கிள் பெட்டியில்
நெம்புகோல், தராசு, சுடுதண்ணீர்ப் போத்தல்.
பட்டறை மேசையில் இரும்புச் சுருள்களை ஊதித் தள்ளி
அரைத்தேன்.
அவர் கோப்பையைப் பார்க்கவில்லை,
தன் பித்தளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இருபத்தெட்டு விநாடி.
தேன் நூலாய் இறங்கியது.
இந்த வருடத்திலேயே நல்லது.
ஒரு மிடறு குடித்து
வேப்பெண்ணெய் குடித்த பிள்ளையாய் நின்றார்.
"சீனி?"
மூன்று கரண்டி.
கலக்கி, ஒரே இழுப்பில் முடித்து,
"ஆ, இப்பதான் இது கோப்பி.
ஆனா சத்தம் வடிவா இருக்கு, என்ன?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மதிலோரம் மான்கள்
சொப்பிங் பை கிளறும் ஓசை.
குசினிக் கதவைச் சாத்தி
ஏழாவதைத் துவாயில் சுற்றி
நெஞ்சோடு அணைத்து
மெதுவாய், மிக மெதுவாய் அரைத்தேன்.
இழுத்தேன்.
பிறகு,
சல்லடைக்காரன் ஒருநாளும் கையெழுத்திடாத காரியம்,
சீனிப் போத்தலைத் திறந்தேன்.

உள்ளறையிலிருந்து மஞ்சரி:
"உது அந்த ஆறில ஒண்டுமில்லையே."

நான் முதலில் ஒளித்தது
கரண்டியை.